யாராலும் அச்சிட முடியாத நோட்டு
(உள்நாட்டுப் போருக்குப் பின் ஈராக்கியக் குர்திஸ்தானின் அரசியல் எதிர்காலம்: அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



இந்தச் சொற்பொழிவுக்கான அழைப்புக் கடிதத்தில் இரண்டு நிபந்தனைகள் இருந்தன. தலைப்பை நானே தேர்ந்துகொள்ளலாம். ஒரு மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும். முதலாவது கொடுத்த துணிச்சலில் குர்திஸ்தானைத் தேர்ந்தேன். இரண்டாவதை நினைத்தபோதுதான் கவலை வந்தது. நான்கு நாடுகளில் பிரிந்து கிடக்கும் மூன்று கோடிக்கும் மேற்பட்ட மக்களின் கதையில் எதை வைப்பது, எதை விடுவது? பெரும்பகுதியை விட்டுவிட்டேன். துருக்கிக் குர்துகளையும் ஈரானியக் குர்துகளையும் இன்று தொடப்போவதில்லை. சிரியாவைக் கடைசியில் ஒருமுறை எட்டிப் பார்ப்பேன். என் பேச்சு ஈராக்கின் வடக்கே எர்பில், சுலைமானியா, துஹோக், ஹலப்ஜா என்னும் நான்கு மாகாணங்களைக் கொண்ட குர்திஸ்தான் பிராந்தியத்தைப் பற்றியது. அங்கே 60 லட்சத்துக்குச் சற்று மேற்பட்டோர் வாழ்கிறார்கள். சொந்த நாடாளுமன்றம், சொந்த அமைச்சரவை, சொந்தக் கொடி, சொந்தப் படை எல்லாம் உண்டு.

‘சொந்தப் படை’ என்று ஒருமையில் சொல்லிவிட்டேன். அந்த ஒருமை சரிதானா என்பதுதான் இன்றைய பேச்சு.

குர்து மொழியில் ‘பிராகுஜி’ என்று ஒரு சொல் உண்டு. பிரா என்றால் உடன்பிறந்தான். வடமொழியின் ‘பிராதா’வுக்கு உறவுச் சொல். குஜி என்றால் கொல்வது. 1994 முதல் 1998 வரை தங்களுக்குள்ளேயே நடத்திக்கொண்ட போரை அந்த மக்கள் இந்தச் சொல்லால்தான் குறிக்கிறார்கள். ஈழத்தின் 1986ஆம் ஆண்டை அறிந்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. ‘சகோதர யுத்தம்’ என்ற சொல் நம்மிடமும் இருக்கிறது. நாம் அதை எவ்வளவு தயங்கி உச்சரிக்கிறோமோ அவ்வளவு தயக்கத்தோடுதான் அவர்களும் பிராகுஜியை உச்சரிக்கிறார்கள்.

குர்திஸ்தான் தனி நாடாகுமா என்பதுதான் வழக்கமாகக் கேட்கப்படும் கேள்வி. நான் வேறொன்றைக் கேட்க விரும்புகிறேன். அங்கே ஒரு கட்சி தேர்தலில் தோற்றுவிட்டுப் பத்திரமாக வீடு போய்ச் சேர முடியுமா? முதல் கேள்விக்கான விடையை அங்காராவும் தெஹ்ரானும் பாக்தாதும் வாஷிங்டனும் கையில் வைத்திருக்கின்றன. இரண்டாவதற்கான விடை குர்துகள் கையில் இருக்கிறது. பிராந்தியத்தின் எதிர்காலம் இந்த இரண்டாவது கேள்வியில்தான் இருக்கிறது என்பது என் வாதம்.

தோற்க யாரும் இல்லாத தேர்தல்

முன்கதையை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். 1920இல் செவ்ர் உடன்படிக்கை குர்துகளுக்கு ஒரு நாட்டின் வாய்ப்பைக் காட்டியது. 1923இல் லொசான் உடன்படிக்கை அதைப் பேச்சே இல்லாமல் கைவிட்டது. ஈராக்கில் 1961இல் முல்லா முஸ்தபா பர்சானி தலைமையில் ஆயுதப் போராட்டம் தொடங்கியது. 1970 மார்ச் 11இல் பாக்தாத் தன்னாட்சிக்கு ஒப்புக்கொண்டது. கிர்குக் நகரம் யாருக்கு என்ற கேள்வியில் அது உடைந்தது. 1975இல் ஈரானின் ஷாவும் சதாம் உசேனும் அல்ஜியர்ஸில் கைகுலுக்கியதும், ஷாவின் துணையை நம்பியிருந்த போராட்டம் சில வாரங்களில் சரிந்தது. அந்தத் தோல்விக்குப் பிறகு ஜலால் தலபானி தனிக் கட்சி கண்டார். அப்போதிருந்து அரங்கில் இரண்டு பெரிய கட்சிகள். ஒன்று பர்சானிகளின் குர்திஸ்தான் ஜனநாயகக் கட்சி; மக்கள் பேச்சில் ‘பார்த்தி’. மற்றொன்று தலபானியின் குர்திஸ்தான் தேசபக்த ஒன்றியம். மக்கள் பேச்சில் ‘யெகேத்தி’. யெகேத்தி என்றால் ஒற்றுமை.

1988இல் அன்ஃபால். சதாம் அரசு எட்டுக் கட்டங்களாக நடத்திய அந்த அழித்தொழிப்பில் மாண்டவர்கள் குறைந்தது 50,000 பேர்; குர்துகள் சொல்லும் எண்ணிக்கை 1,82,000. அதே ஆண்டு மார்ச் 16இல் ஹலப்ஜா நகரின் மீது வீசப்பட்ட நச்சுவாயுவில் ஏறத்தாழ 5,000 பேர் இறந்தனர். 1991இல் குவைத் போரில் சதாம் தோற்றதும் ரானியா என்ற சிற்றூரில் எழுந்த கிளர்ச்சி இரண்டு வாரங்களில் கிர்குக்வரை போனது. அரசுப் படை திரும்பி வந்தது. லட்சக்கணக்கானோர் பனிமலைகளில் ஏறி எல்லைகளை நோக்கி ஓடினர். அந்தக் காட்சியைத் தொலைக்காட்சியில் பார்த்த உலகம், 36ஆம் அட்சக்கோட்டுக்கு வடக்கே ஈராக்கிய விமானங்கள் பறக்கத் தடை விதித்தது. அக்டோபரில் சதாம் தம் நிர்வாகத்தை வடக்கிலிருந்து விலக்கிக்கொண்டு சம்பளத்தையும் நிறுத்தினார். ஆசிரியருக்கும் மருத்துவருக்கும் போலீஸ்காரருக்கும் ஒரே நாளில் முதலாளி இல்லாமல் போனார். இந்தச் சம்பளத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி வரும்.

இப்படிப் பெற்ற வெற்றிடத்தில்தான் 1992 மே 19இல் தேர்தல் நடந்தது. குர்துகள் தம் ஆட்சியைத் தாமே தேர்ந்தெடுத்த முதல் தேர்தல். வாக்குச்சாவடிகளில் விடியற்காலை முதல் நீண்ட வரிசைகள். மொத்தம் 105 இடங்கள். அவற்றில் ஐந்து கிறிஸ்தவர்களுக்கு. ஏழு விழுக்காடு வாக்கு பெற்றால்தான் இடம் என்ற விதியால் சிறு கட்சிகள் எல்லாம் வெளியே விழுந்தன. எஞ்சிய இரண்டில் பார்த்தி மயிரிழையில் முந்தியது. முறைகேடு என்று இரு தரப்பும் கூச்சலிட்டன. மறு எண்ணிக்கையா, மறு தேர்தலா என்ற பேச்சு எழுந்தது. கடைசியில் பார்த்தி ஓர் இடத்தை விட்டுக்கொடுக்க, ஐம்பதுக்கு ஐம்பது என்று முடித்துக்கொண்டார்கள்.

குர்துகள் இதை ஆங்கிலத்திலேயே ‘ஃபிஃப்டி ஃபிஃப்டி’ என்றார்கள். அமைச்சர் ஒரு கட்சி என்றால் துணையமைச்சர் மறு கட்சி. இருவர் கையெழுத்துக்கும் ஒரே மதிப்பு. இந்தப் பங்கீடு அமைச்சகத்திலிருந்து இறங்கிக் காவல் நிலையம், பள்ளித் தலைமையாசிரியர் நாற்காலிவரை போயிற்று. இரு தலைவர்களும் அரசில் சேரவில்லை. வெளியே இருந்தபடியே ஆட்டுவித்தார்கள். ரத்தம் சிந்தாமல் தீர்ந்ததே என்று அன்று எல்லோரும் மகிழ்ந்தார்கள். நானும் அங்கே இருந்திருந்தால் மகிழ்ந்திருப்பேன். ஆனால் அந்தப் பெருந்தன்மைக்குள் ஓர் அச்சம் ஒளிந்திருந்தது. தோற்றவர் பிழைக்க மாட்டார் என்று இரு தரப்பும் நம்பியதால்தான் யாரும் தோற்காத முடிவு ஒன்று தேவைப்பட்டது.

சுங்கச்சாவடியும் பீரங்கியும்

பாதி பாதி என்பதில் ஒரு சிக்கல் உண்டு. நாற்காலியைப் பாதியாகப் பிரிக்கலாம், வருமானத்தைப் பிரிப்பது கடினம். ஈராக் மீது ஐ.நா.வின் பொருளாதாரத் தடை. குர்துகள் மீது பாக்தாதின் தடை. இரட்டைத் தடையில் சிக்கிய நிலத்துக்குப் பெரிய வருவாய் ஒன்றே ஒன்றுதான்: துருக்கி எல்லையில் இப்ராஹிம் கலீல் சுங்கச்சாவடி. உணவும் சரக்கும் கொண்டுவந்த லாரிகள், திரும்பும்போது அடியில் பொருத்திய கூடுதல் தொட்டிகளில் ஈராக்கிய டீசலை நிரப்பிக்கொண்டு போயின. சாவடி இருந்த பகுதி பார்த்தியின் பிடியில். வசூல் பொதுக் கருவூலத்துக்கு வரவில்லை என்பது யெகேத்தியின் குற்றச்சாட்டு.

1994 மே மாதம் கலாதிசா பக்கம் ஒரு நிலத் தகராறில் துப்பாக்கி வெடித்தது. நிலம் ஒரு சாக்கு. மருந்து ஏற்கெனவே காய்ந்திருந்தது. ஆண்டு முடிவதற்குள் தலைநகர் எர்பில் யெகேத்தியிடம், சுங்கச்சாவடி பார்த்தியிடம் என்று ஆயிற்று. அரசியல் ஒருவர் கையில், காசு இன்னொருவர் கையில்.

பிறகு நடந்ததைக் குர்துகள் இன்றும் தலைகுனிந்துதான் சொல்கிறார்கள். தலபானி தரப்புக்கு ஈரானின் துணை இருந்தது. பார்த்தியின் தலைவர் மசூத் பர்சானி துணைக்குச் சதாம் உசேனை அழைத்தார். 1996 ஆகஸ்ட் 31இல் ஈராக்கியப் பீரங்கிகள் எர்பிலுக்குள் நுழைந்து நகரைப் பார்த்தியின் கையில் கொடுத்துவிட்டுப் போயின. அதே சதாமின் ஆட்கள் 1983இல் பர்சானி குலத்தின் ஆண்களையும் சிறுவர்களையும், 8,000 பேர்வரை என்பார்கள், வண்டிகளில் ஏற்றிக் கொண்டுபோய்க் கொன்றிருந்தார்கள். பதின்மூன்று ஆண்டுகளே ஆகியிருந்தன. சொந்தக் குலத்தை அழித்தவனிடமே உதவி கேட்கும் அளவுக்கு, உடன்பிறந்தவனிடம் தோற்பது அச்சமூட்டியிருக்கிறது.

நான்கு ஆண்டுகளில் ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். இரு கட்சிகளும் தம் பகுதியிலிருந்து எதிர்க்கட்சிக் குடும்பங்களை விரட்டின. பிடித்துக்கொண்டு போகப்பட்டுத் திரும்பி வராதவர்களும் உண்டு.

பழைய நோட்டின் கதை

இங்கே ஒரு நோட்டின் கதையைச் சொல்ல அனுமதியுங்கள். பொருளாதார மாணவர்கள் இதைப் பாடத்தில் படித்திருக்கலாம்.

குவைத் போருக்கு முன் ஈராக்கில் புழங்கிய தினார் நோட்டுகள் நல்ல தாளில் நேர்த்தியாக அச்சானவை. அச்சுத் தகடுகள் சுவிட்சர்லாந்தில் செய்யப்பட்டதால் ‘சுவிஸ் தினார்’ என்று பெயர்; அச்சடித்தது என்னவோ பிரிட்டனில். தடைக்குப் பின் அந்த நோட்டு வரத்து நின்றது. சதாம் அரசு மட்டமான தாளில் தலைவரின் முகத்தோடு புது நோட்டுகளை அச்சிட்டுத் தள்ளியது. 1993இல் பழைய 25 தினார் நோட்டு செல்லாது என்று பாக்தாத் அறிவித்து எல்லையையும் மூடியது. குர்துகளால் மாற்றிக்கொள்ள முடியவில்லை. சட்டப்படி அவர்கள் கையில் இருந்தது செல்லாக்காசு. அதன் பின்னால் அரசு இல்லை, மத்திய வங்கி இல்லை, தங்கம் இல்லை.

ஆனால் வடக்கின் கடைத்தெருவில் அது செல்லுபடியானது. நைந்து, கிழிந்து, ஒட்டுப்போட்ட நிலையிலும் செல்லுபடியானது. பாக்தாதின் புது நோட்டு மதிப்பிழந்துகொண்டே போக, செல்லாத பழைய நோட்டின் மதிப்பு ஏறியது. 2003இல் சதாம் வீழ்ந்த பின் புதிய நாணயம் வந்தபோது, ஒரு சதாம் தினாருக்கு ஒரு புதிய தினார் கிடைத்தது. ஒரு சுவிஸ் தினாருக்கு 150 கிடைத்தன.

பொருளியலாளர்கள் இதில் பணத்தின் இயல்பைப் பற்றிய பாடம் படிக்கிறார்கள். எனக்கு உறைப்பது வேறு. இந்த நோட்டு பிராகுஜி நடந்த நான்கு ஆண்டுகளும் புழங்கியது. எர்பிலில் சுட்டவனும் சுலைமானியாவில் சுட்டவனும் மாலையில் ஒரே நோட்டைக் கொடுத்துத்தான் ரொட்டி வாங்கினார்கள். கல்வித்துறை பிளந்தது, காவல்துறை பிளந்தது, நாடாளுமன்றம் முடங்கியது. நோட்டு மட்டும் பிளவுபடவில்லை. பார்த்தியாலும் அதில் இன்னொன்றை அச்சிட முடியாது, யெகேத்தியாலும் முடியாது என்பதுதான் காரணம்.

சமாதானம் என்ற பாகப்பிரிவினை

1998 செப்டம்பர் 17இல் வாஷிங்டனில், அமெரிக்க வெளியுறவு அமைச்சர் மேடலின் ஆல்பிரைட் அருகில் நிற்க, பர்சானியும் தலபானியும் உடன்படிக்கை செய்துகொண்டார்கள். துப்பாக்கிகள் ஓய்ந்தன. ஆனால் வீடு பங்கு போடப்பட்டுவிட்டது. எர்பிலில் ஒரு பிரதமர், சுலைமானியாவில் ஒரு பிரதமர். கட்சிக் கொடிகளின் நிறத்தால் ஒன்று மஞ்சள் மண்டலம், மற்றது பச்சை மண்டலம். கைப்பேசி வந்தபோது இரு பகுதிகளிலும் வெவ்வேறு கம்பெனிகள். எர்பில்காரர் சுலைமானியாவில் பேச இன்னொரு சிம் வாங்க வேண்டியிருந்தது. இந்த நிலை பல ஆண்டுகள் நீடித்தது.

இந்த அமைதியை நான் மட்டம் தட்டவில்லை. 1998க்குப் பிறகு அங்கே பிராகுஜி திரும்பவில்லை. 2003க்குப் பின் ஈராக்கின் மற்ற பகுதிகள் பற்றி எரிந்தபோது இங்கே வீடுகள் கட்டப்பட்டன, பல்கலைக்கழகங்கள் திறந்தன. 2014இல் ஐ.எஸ். மோசூலைப் பிடித்தபோது யசீதிகளும் கிறிஸ்தவர்களும் சுன்னி அரபுகளும் லட்சக்கணக்கில் ஓடிவந்து இங்கேதான் தஞ்சம் புகுந்தார்கள். பாகப்பிரிவினையால் கிடைத்த அமைதியும் அமைதிதான்.

2005ஆம் ஆண்டின் ஈராக்கிய அரசியல் சாசனம் இந்தத் தன்னாட்சிக்குச் சட்ட உரு கொடுத்தது. குர்து மொழி அரபுக்கு இணையான ஆட்சிமொழி. 117ஆம் பிரிவு பிராந்தியத்தை அங்கீகரித்தது. 140ஆம் பிரிவு கிர்குக்கின் கேள்வியை 2007க்குள் தீர்ப்பதாகச் சொன்னது. அது இன்றுவரை தீரவில்லை. தலபானி ஈராக்கின் குடியரசுத் தலைவரானார். பர்சானி பிராந்தியத்தின் தலைவரானார். ஒரு வீட்டுக்குள் இருவருக்கும் இடம் போதாதபோது ஒருவருக்குப் பக்கத்து ஊரில் பெரிய உத்தியோகம் கிடைத்த மாதிரி.

2006 ஜனவரியில் இரு நிர்வாகங்களையும் இணைக்க ஒப்பந்தமாயிற்று. கல்வி, சுகாதாரம், வேளாண்மை எல்லாம் இணைந்தன. நிதி, உள்துறை, நீதி, படைத்துறையான பெஷ்மெர்கா என்னும் நான்கு மட்டும் ‘பிறகு’ என்று தள்ளிவைக்கப்பட்டன. எந்த நான்கில் அதிகாரம் இருந்ததோ அந்த நான்கு. காலப்போக்கில் அவையும் பெயரளவில் இணைந்தன. ஆனால் ‘எழுபதாம் பிரிவு’ என்றால் யெகேத்தியின் படை, ‘எண்பதாம் பிரிவு’ என்றால் பார்த்தியின் படை என்பது சுலைமானியாவின் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். பெஷ்மெர்கா என்ற சொல்லுக்குச் சாவை எதிர்கொள்பவர் என்று பொருள். யாருக்காக என்பதைச் சொல் சொல்லவில்லை.

அந்த ஆண்டு மார்ச் 16இல் ஹலப்ஜாவில் நடந்தது இந்த அமைதியின் மறுபக்கம். நச்சுவாயுவின் நினைவு நாள். வெளிநாட்டு விருந்தினர்களைக் கூட்டிவந்து காட்டுவதற்கென்று அழகான நினைவுச் சின்னம் ஒன்று அங்கே எழுப்பப்பட்டிருந்தது. ஊருக்குள் நல்ல சாலை இல்லை, குடிநீர் இல்லை. அன்று திரண்ட மக்கள், பெரும்பாலும் இளைஞர்கள், அந்த நினைவுச் சின்னத்துக்கே தீ வைத்தார்கள். பாதுகாவலர்களின் துப்பாக்கிச் சூட்டில் ஓர் இளைஞன் இறந்தான். தம் பிணங்களுக்குக் கட்டிய கோயிலைத் தாமே எரிக்கும் அளவுக்கு ஓர் ஊரின் மனம் எப்படி எரிந்திருக்கும்? பகைவனிடமிருந்து காப்பாற்றிய கட்சிதானே ஆள்கிறது என்ற கணக்கு அவர்களிடம் அன்றே செல்லாமல் போயிருந்தது.

தோற்கப் பழகும் முயற்சி

அதற்கு மூன்று ஆண்டுகள் கழித்து, 2009இல், யெகேத்தியின் பெருந்தலைகளில் ஒருவராக இருந்து, ஏற்கெனவே கட்சியை விட்டு வெளியேறியிருந்த நவ்ஷிர்வான் முஸ்தபா ‘கோரான்’ என்ற இயக்கத்தைக் கண்டார். கோரான் என்றால் மாற்றம். முதல் தேர்தலிலேயே 111இல் 25 இடங்கள். ஆளுங்கட்சியைக் கேள்வி கேட்கவென்றே ஒரு கட்சி உட்கார்ந்திருக்கும் காட்சியைக் குர்திஸ்தான் நாடாளுமன்றம் முதன்முறையாகக் கண்டது. 2013இல் கோரான் 24 இடங்கள் பெற்று, 18 பெற்ற யெகேத்தியை மூன்றாம் இடத்துக்குத் தள்ளியது. வாக்குப்பெட்டியின் மொழியில் யெகேத்தி தோற்றுவிட்டது.

ஆனால் களத்தில் தோற்கவில்லை. படை அதன் கையில் இருந்தது. சுலைமானியாவின் பாதுகாப்பு அதன் கையில் இருந்தது. கோரானிடம் வாக்கு இருந்தது, துப்பாக்கி இல்லை.

2015இல் இது அம்பலமானது. பர்சானியின் பதவிக்காலம் 2013இலேயே முடிந்து, இரண்டு ஆண்டுகள் நீட்டிக்கப்பட்டு, அதுவும் முடிந்திருந்தது. நாடாளுமன்றத் தலைவர் கோரானைச் சேர்ந்தவர். அக்டோபர் 12இல் அவர் சுலைமானியாவிலிருந்து எர்பிலுக்குக் காரில் போனபோது, வழியில் சோதனைச்சாவடியில் பார்த்தியின் காவலர்கள் நிறுத்தித் திருப்பி அனுப்பினார்கள். ஒரு பிராந்தியத்தின் சட்டமன்றத் தலைவர் தம் சட்டமன்றத்துக்குப் போகச் சோதனைச்சாவடியின் தயவு வேண்டியிருந்தது. அதன் பிறகு நாடாளுமன்றம் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் பூட்டிக் கிடந்தது. 2024 தேர்தலில் கோரானுக்குக் கிடைத்தது ஒரே ஓர் இடம். அதன் வீழ்ச்சிக்கு அதன் பிழைகளும் காரணம்தான். ஆனால் வாக்காளர் கற்றுக்கொண்ட பாடம் ஒன்றுண்டு: படை இல்லாத கட்சிக்குப் போடும் வாக்கு பாதி வாக்கு.

பூட்டிக் கிடந்த அந்த நாடாளுமன்றத்தை அவசரமாகத் திறந்து, 2017 செப்டம்பர் 25இல் தனிநாட்டுக்கான வாக்கெடுப்பு நடத்தினார்கள். 92.73 விழுக்காட்டினர் ஆம் என்றார்கள். ஒரு தலைமுறையின் கனவு அது. அந்த விரல் மையை நான் எள்ளி நகையாட மாட்டேன். மூன்று வாரங்களில், அக்டோபர் 16இல், ஈராக்கியப் படை கிர்குக்குக்குள் நுழைந்தது. யெகேத்தியின் ஒரு பிரிவு பாக்தாதுடன் பேசி முடித்துப் பின்வாங்கியது. ஐ.எஸ்.ஸிடமிருந்து மூன்று ஆண்டுகள் காத்த நகரம் ஒரு நாளில் போயிற்று. இன்று இரு கட்சிகளிடமும் ஆளுக்கொரு தேதி இருக்கிறது. பார்த்தி ‘அக்டோபர் 16’ என்றால், யெகேத்தி ‘ஆகஸ்ட் 31’ என்று திருப்பி அடிக்கும்.

சம்பளம் என்ற கயிறு

நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்ன சம்பளத்துக்கு வருகிறேன்.

அரசுச் சம்பளமோ ஓய்வூதியமோ உதவித்தொகையோ பெறுவோர் அங்கே 12 லட்சத்துக்கு மேல். 60 லட்சம் மக்களில் 12 லட்சம் என்றால் ஏறத்தாழ வீட்டுக்கு ஒருவர். இது திட்டமிட்ட பொருளாதாரத்தால் வந்ததல்ல. கட்சிகள் போட்டி போட்டு ஆட்களைச் சேர்த்ததால் வந்தது. கட்சி வேலை கொடுக்கிறது, குடும்பம் வாக்குக் கொடுக்கிறது. படை பிளந்து கிடப்பதைப் போலவே சம்பளப் பட்டியலும் பிளந்து கிடக்கிறது.

இதைப் பாக்தாத் நன்றாகவே புரிந்துகொண்டது. 2014இல் எர்பில் தானே எண்ணெய் விற்கத் தொடங்கியதும் பட்ஜெட் பங்கை நிறுத்தியது. சம்பளம் மாதக்கணக்கில் தள்ளிப்போனது, பாதியாக வெட்டப்பட்டது. 2022 பிப்ரவரியில் ஈராக்கின் கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் பிராந்தியத்தின் எண்ணெய்ச் சட்டம் செல்லாது என்றது. 2023 மார்ச்சில் பாரிஸ் நடுவர் மன்றத்தின் தீர்ப்பையடுத்துத் துருக்கி வழியான எண்ணெய்க் குழாய் மூடப்பட்டது. இரண்டரை ஆண்டுகள் கழித்து 2025 செப்டம்பரில்தான் திறந்தது. நடுவே 2024 பிப்ரவரியில், ஊழியர்களின் சம்பளத்தைப் பாக்தாதே நேரடியாக வழங்க வேண்டும் என்று அதே நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்த வழக்கின் பின்னே இருந்தவர்கள் சம்பளம் கிடைக்காத குர்து ஊழியர்களே. 2025 மே மாதம் பாக்தாத் மறுபடியும் பணத்தை நிறுத்தியது.

1991இல் சதாம் சம்பளத்தை நிறுத்தியபோது மக்கள் தம் தலைவர்கள் பக்கம் நின்றார்கள். இன்று சுலைமானியாவின் ஆசிரியர் பாக்தாதின் நீதிமன்றத்திடம் நியாயம் கேட்கிறார். முப்பது ஆண்டுகளில் நேர்ந்த மிகப் பெரிய மாற்றம் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. தன்னாட்சியைப் பறிக்க இனிப் பீரங்கி தேவையில்லை. ஒழுங்காகச் சம்பளம் போட்டாலே போதும்.

மூன்று பாதைகள்

எதிர்காலத்துக்கு என்னால் மூன்று பாதைகளைப் பார்க்க முடிகிறது.

முதலாவது, இருக்கும் பிளவு சட்டமாவது. ஈராக்கிய சாசனத்தின் 119ஆம் பிரிவு ஒரு மாகாணமோ பல மாகாணங்கள் சேர்ந்தோ தனிப் பிராந்தியம் கோர வழி தருகிறது. சுலைமானியா தனியே போகலாம் என்ற பேச்சு நெருக்கடி நேரத்தில் எல்லாம் எழுகிறது. அப்படி நடந்தால் 1998 நிரந்தரமாகும்.

இரண்டாவது, மெல்லக் கரைவது. கொடி இருக்கும், கீதம் இருக்கும், நாடாளுமன்றக் கட்டடமும் இருக்கும். எண்ணெய், சம்பளம், நீதி மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாகப் பாக்தாதுக்குப் போகும். போர் அறிவிக்காமலேயே, நீதிமன்றத் தீர்ப்புகளாலும் நிதியமைச்சகக் கடிதங்களாலும் இது நடக்கும். இப்போதைய ஓட்டம் இந்தத் திசையில்தான்.

மூன்றாவது பாதை கடினமானது: தோற்க இடம் உண்டாக்குவது. அதற்குப் படை கட்சியிடமிருந்து அமைச்சகத்துக்கு வர வேண்டும். எழுபதையும் எண்பதையும் 2026க்குள் ஒரே அமைச்சகத்தின் கீழ் கொண்டுவரும் திட்டம் அமெரிக்காவோடு 2022இல் ஒப்பந்தமானது. இதுவரை கலந்து அமைந்த படைப்பிரிவுகள் உண்மையிலேயே கலந்திருக்கின்றனவா என்பதற்குத் தேர்வு ஒன்றுதான். இரு கட்சிகளும் மோதும் ஒரு நாளில் அவை யாருக்குக் கட்டுப்படும்?

2024 அக்டோபர் 20இல் நடந்த தேர்தல் இந்த மூன்றில் எந்தப் பாதையில் வண்டி நிற்கிறது என்பதைக் காட்டியது. 100 இடங்களில் பார்த்திக்கு 39, யெகேத்திக்கு 23. இரண்டும் சேர்ந்தால் தாராளமான பெரும்பான்மை. ஓராண்டு கடந்தும் அமைச்சரவை அமையவில்லை. உள்துறை யாருக்கு, பாதுகாப்பு யாருக்கு என்ற பேரம் முடியவில்லை. 15 இடங்கள் பெற்று மூன்றாவதாக வந்த ‘புதிய தலைமுறை’ இயக்கத்தின் தலைவர் 2025 ஆகஸ்டில் கைதானார். 1992இல் கணக்கை ஐம்பதுக்கு ஐம்பதாகத் திருத்தினார்கள். 2024க்குப் பின் கணக்கைத் திருத்தாமல் ஆட்சியை நிறுத்தி வைத்தார்கள். அச்சம் அதே அச்சம்தான்.

சிரியாவை எட்டிப் பார்ப்பதாகச் சொன்னேன். 2012இல் சிரிய அதிபர் அசாத்தின் படைகள் பின்வாங்கிய இடத்தில் சிரியக் குர்துகள் ஒரு தன்னாட்சியை எழுப்பினார்கள். நிர்வாகத்தின் தலைமைப் பதவிகளுக்கு ஓர் ஆண், ஒரு பெண் என இணைத் தலைமை வைத்தார்கள்; கொபானியில் ஐ.எஸ்.ஸைத் தடுத்து நிறுத்தினார்கள். அசாத் வீழ்ந்த பின், 2025 மார்ச் 10இல் அவர்களின் தளபதி மஸ்லூம் அப்தி டமாஸ்கஸின் புதிய ஆட்சியாளர் அகமது அல்-ஷராவோடு இணைப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். அப்போது எல்லோரும் டமாஸ்கஸ் என்ன கொடுக்கும் என்று பார்த்தார்கள். நான் இன்னொன்றையும் பார்ப்பேன். போட்டிக் குர்துக் கட்சிகளின் ஆதரவாளர்களைக் கொண்டு ஈராக்கியக் குர்திஸ்தானில் பயிற்சி பெற்ற ‘ரோஜ் பெஷ்மெர்கா’ என்ற படையை ஐ.எஸ். போரின் உச்சத்திலும் சொந்த மண்ணுக்குள் அந்தத் தன்னாட்சியை நடத்தியவர்கள் அனுமதிக்கவில்லை. ஒரு மண்ணில் இரு குர்துப் படை கூடாது, மறுபடி பிராகுஜி வரும் என்றார்கள். காரணம் பொய்யில்லை. ஆனால் மாற்றுக் கட்சிக்கு இடமில்லை என்பதற்கும் அதுவே காரணமாகிவிட்டது. எல்லை மாறினாலும் கேள்வி மாறவில்லை.

நண்பர்களே, நேரம் முடியப்போகிறது. அந்தப் பழைய நோட்டுக்குத் திரும்பி நிறைவு செய்கிறேன்.

போர் நடந்த நான்கு ஆண்டுகளில் பார்த்திக்காரரும் யெகேத்திக்காரரும் ஒருவரையொருவர் நம்பவில்லை. ஆனால் இருவரும் அந்த நோட்டை நம்பினார்கள். நல்லெண்ணத்தால் நம்பவில்லை, மற்றவனால் அதில் கைவைக்க முடியாது என்ற உறுதியால் நம்பினார்கள். தலைவர்கள் மனம் திருந்தி அண்ணன் தம்பியாகக் கட்டித் தழுவ வேண்டும் என்று குர்திஸ்தானுக்கு யாரும் உபதேசிக்கத் தேவையில்லை. இன்னும் மூன்று நான்கு சுவிஸ் தினார்கள் கிடைத்தால் போதும். இரு கட்சியாலும் அச்சிட முடியாத ஒரு வாக்காளர் பட்டியல். இரு கட்சியாலும் ஆள் சேர்க்க முடியாத ஒரு சம்பளப் பட்டியல். இரு கட்சிக்கும் தலைவணங்காத ஒரு நீதிமன்றம். சட்டமன்றத் தலைவர் எந்தக் கட்சியானாலும் சல்யூட் அடித்துவிட்டு வழிவிடும் ஒரு சோதனைச்சாவடி.

அந்த நோட்டுகள் 2004 ஜனவரியோடு வங்கிகளுக்குத் திரும்பிவிட்டன. கடைசியில் அவற்றில் பல, கை பட்டுப் பட்டு எழுத்தே தேய்ந்து, ஒட்டுத்தாளின் பலத்தில் நின்றன. அப்படியிருந்தும் ரொட்டிக்கடைக்காரர் மறுக்காமல் வாங்கிக்கொண்டார்.